கியர்பாக்ஸ் ஆறும் நேரம்

கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டுகிற முள் மறுபடியும் சிவப்புக்குள் போய்விட்டது. நிறுத்து என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சாந்தாமணியே வளைவின் அகலமான பக்கமாக ஓரங்கட்டி, லிவரைப் பார்க்கிங்கில் தள்ளி, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன், சொல்லக்கூடாததைத்தான் சொல்லியிருப்பேன். கொல்லிமலையின் எழுபது வளைவில் இன்னும் பாதிகூட ஏறவில்லை, அதற்குள் அந்த வாசனை, பாகு அடிப்பிடித்துத் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை, சட்டையில் ஒட்டிக்கொண்டால் துவைத்தாலும் போகாது. எத்தனை தடவை. எத்தனை தடவைதான் ஒரு மனிதன் ஒரே மலையில் ஒரே வண்டியை நிறுத்திவிட்டு ஒரே கியர்பெட்டி ஆறட்டும் என்று குரங்குகளோடு நிற்பது. "எஞ்சினை ஆஃப் பண்ணு" என்றேன். "பண்ண மாட்டேனுங்க" என்றாள். "ஆஃப் பண்ணினாத்தானே ஆறும்?" "ஆஃப் பண்ணினா சாவிய வாங்கிக்குவீங்க. அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்குவீங்க. போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முன்னயும் அப்படித்தான். இன்னிக்கு ஓடிட்டே இருக்கட்டும். ஓடுற வரைக்கும் நான்தான் டிரைவர்." கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினேன். இவ்வளவு பலமாக அறைந்திருக்க வேண்டாம் என்று இறங்கியதுமே தோன்றியது, ஆனால் அறைந்த கதவை மறுபடி திறந்து மெதுவாகச் சாத்தவா முடியும்.

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினேன். சூடு முகத்தில் அடித்தது. அடிக்கட்டும். நான் ரேடியேட்டர்காரன், நாமக்கல்லில் லாரி ரேடியேட்டர் கட்டுகிறவன், ஆவி முகத்தில் அடிப்பது எனக்குக் காலைக் காப்பி மாதிரி. வடக்கே போகிற லாரி, ஆந்திராவுக்குப் போகிற டேங்கர், போர்வெல் போடுகிற ரிக் வண்டி, எல்லாம் என் பட்டறையில் ஈயம் வைத்துக்கொண்டுதான் போகும். வண்டி சூடாகிறது என்று எவனாவது வந்து நின்றால் அவன் வாயை மூடுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த மனைவியின் வண்டிச் சூட்டை இறக்க முடியாமல் நடுமலையில் நிற்கிறேன், இது வெளியே தெரிந்தால் பட்டறையில் டீ வாங்கிவருகிறவன்கூடச் சிரிப்பான். முன்னால் கிரில்லுக்குப் பின்னே கியர்பெட்டி எண்ணெயை ஆற்றுகிற என் கூலர் நிற்கிறது, நானே கட்டியது, மூன்றாவது கூலர். முதலில் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே எண்ணெய்க் குழாயை ஓட்டினேன், சூடு இறங்கவில்லை. அப்புறம் தனியாக ஒரு கூலர் செய்து முன்னால் மாட்டினேன், இறங்கவில்லை, முன்பைவிடச் சீக்கிரமாக ஏறியது, எனக்குப் பைத்தியம் பிடித்தது. அதற்கப்புறம்தான் இது, லாரிக்குப் போடுகிற அகலத்தில், தனி மின்விசிறியோடு. பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு இதை வீட்டுக் கூரையில் மாட்டினால் வீடே ஜிலுஜிலு என்று இருக்கும் என்றார். இதோ சுற்றுகிறது விசிறி. காற்று வருகிறது. கையை வைத்துப் பார்க்கிறேன், காற்று நன்றாகவே வருகிறது. ஆனால் கூலர் ஒரு பக்கம் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இதென்ன கூத்து. எண்ணெய் முழுசாகச் சுற்றினால் இப்படி ஏன் இருக்கிறது. இதைப் போன வாரமே பார்த்தேன், பார்த்துவிட்டு விசிறி போதவில்லை என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அதே முடிவுக்குத்தான் புத்தி ஓடுகிறது, செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி, இன்னும் பெரிய விசிறி, இன்னும் பெரிய கூலர்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் கால்நடைத் துறை இணை இயக்குநருக்குப் போன் பண்ணவேண்டும். அவர் நல்லவர்தான், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மலை மேல் மாட்டாஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் கிராமம் கிராமமாகப் போகவேண்டியவர், காட்டுப் பாதையில் போகவேண்டியவர், கால் சரியில்லை என்றால் கீழே நாமக்கல்லிலேயே கோழித் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது அம்மா, நாற்காலி வேலை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்து, அன்றிரவு சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள், "வெள்ளிக்கிழமை வண்டிய நானே ஓட்டிட்டு மேல வரைக்கும் போறேன். போயிட்டா அங்கயே இருந்துக்கறேன். போகலீனா தீவனத்துக்கே போயிடறேன்." சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இருபத்துச் சொச்சம் வருஷமாக மலை மேல் அவளை மாட்டு டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், சிலருக்குப் பேர்கூடத் தெரியாது. கன்று திரும்பிக் கிடக்கிறது என்று மழையில் ஆள் வந்து நின்றால் இந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு போவாள். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, கியர் லிவர் கடப்பாரை நீளம், கிளட்சு மிதித்தால் தொடை வலிக்கும், அதை ஒரு கையால் திருப்பிக்கொண்டு இன்னொரு கையால் எனக்குச் சீரகமிட்டாய் எடுத்து நீட்டுவாள். ஏனென்றால் எனக்கு மலையில் தலை சுற்றும், வாந்தி வரும். கல்யாணமான புதிதில் முதன்முதலாக அவளோடு ஏறியபோது பத்தாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். "லாரி லாரியா ரேடியேட்டர் கட்டறீங்க, ஒரு மலை ஏற மாட்டீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை வாந்தி எடுக்கலாம் என்று இருந்தது.

அப்புறம் முதுகு. சினை மாட்டை நாலு பேர் பிடித்துத் தூக்கும்போது இவளும் ஐந்தாவது ஆளாகத் தோள் கொடுத்திருக்கிறாள், டாக்டருக்கு எதற்கு அந்த வேலை, கேட்டால் அங்கே ஐந்தாவது ஆள் இல்லை என்கிறாள். முதுகெலும்புத் தட்டு விலகி, நரம்பை அழுத்தி, ஆபரேஷனும் ஆகி, வலி போயிற்று, கூடவே இடது பாதத்தின் உயிரும் போயிற்று. ஆபரேஷன் செய்த டாக்டர் அவள் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, கையை விட்டார், அது அப்படியே விழுந்தது, நனைந்த துணி மாதிரி. "மாட்டுக்கு இப்படி ஆனா நான் என்ன சொல்லுவேன் தெரியுங்களா?" என்று அவரிடமே கேட்டாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் கிளட்சு மிதிக்க முடியாத கால் பற்றித்தான் பேச்சு. நடப்பதற்குப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஒரு பட்டை கொடுத்தார்கள், நடந்துவிடுவாள், இழுத்து இழுத்து நடந்துவிடுவாள், ஆனால் கிளட்சு முடியாது. அன்றைக்கு நான்தான் சொன்னேன், கிளட்சு இல்லாத கியர்பெட்டியாக மாற்றிவிடலாம் என்று. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். புது வண்டி வாங்கிவிடலாம் என்று மச்சான் சொன்னான், புது வண்டி அந்தப் பாதையில் ஒரு மழைக்குத் தாங்காது என்றேன், அது உண்மைதான், ஆனால் அதைவிட உண்மை, நானே செய்து அவள் கையில் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைப்பட்டது தப்பா. கோயமுத்தூரில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் ஒரு ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிய ஆட்டோமேட்டிக் பெட்டி கிடைத்தது. சம்சுதீன் பட்டறையில்தான் வேலை நடந்தது. சம்சுதீன் லாரி கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவன், இந்தப் பெட்டியைக் கண்ணைத் திறந்துகொண்டும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே பொருத்த லேத்தில் தட்டுக் கடைந்தோம், சேஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி ஒட்டினோம், பின் ஷாஃப்டைக் குறைத்தோம். முதல் நாள் பட்டறையைச் சுற்றி வண்டி அலுங்காமல் ஓடியபோது சம்சுதீன் கை தட்டினான். சாந்தா இறங்கி வந்து வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தாள், பசுவைத் தடவுகிற மாதிரியே. சமதரையில் ஒரு குறையும் இல்லை. திருச்சி ரோட்டில் பறந்தது. மலையில் கால் வைத்ததும் ஆரம்பித்தது சனியன்.

ஒரு கார் பக்கத்தில் நிற்கிறது. சேலம் பதிவு. உள்ளே பிள்ளை குட்டி, சிப்ஸ் பாக்கெட், குரங்குகள் அதன் கூரைமேல் ஏறிவிட்டன. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "தண்ணி வேணுங்களா சார்? ரேடியேட்டர்ல ஊத்துங்க, சரியாயிரும்" என்றார். ரேடியேட்டர்ல ஊத்துங்க. என்னிடம். "ரேடியேட்டர் நல்லா இருக்குங்க. கியர்பாக்ஸ்தான் சூடு." "கியர்பாக்ஸ் சூடாகுமா?" "ஆட்டோமேட்டிக்குங்க." அவர் வண்டியைப் பார்த்தார், துருப்பிடித்த கதவு, தார்ப்பாய்க் கூரை, மறுபடி என்னைப் பார்த்தார். "இந்த வண்டியிலயா?" என்றார். அந்த "யா" எனக்குத் தாங்கவில்லை. "ஆமாங்க, இந்த வண்டியிலதான்" என்றேன், என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "அம்மா ஓட்டறாங்களா? லேடீஸ் ஓட்டினா கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் ஜாஸ்தியாத்தான்…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரை அடிக்கவேண்டும் என்று கை அரித்தது. ஆனால் போன மாதம் நானும் அதைத்தானே சொன்னேன். ஆக்ஸிலேட்டரை அமுக்காதே, விட்டு விட்டுக் கொடு, வளைவுக்கு முன்னாலேயே லிவரை இறக்கு. அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். சூடு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் கால் விஷயத்தைச் சொன்னேன்.

உணர்ச்சியில்லாத இடது பாதம் பழைய பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறதோ என்னவோ என்றேன். உனக்கே தெரியாது சாந்தா, உறைக்காது, ஆனால் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி இழுக்க முடியாமல் இழுக்கும், பெட்டி சூடாகத்தானே செய்யும். புத்திசாலித்தனமான காரணம், சம்சுதீன்கூடத் தலையாட்டினான். அவள் குனிந்து பாதத்தைப் பார்த்தாள், தன்னுடையது இல்லை என்பது போல, வேறு யாரோ விட்டுவிட்டுப் போனதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இன்று காலையில் வண்டியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து மாட்டுக்குக் கட்டுகிற பேண்டேஜை எடுத்து இடது கணுக்காலைச் சீட்டின் இரும்புக் காலோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிந்தாள். "இப்ப போகாதுங்க எங்கயும்" என்றாள். அவிழ்த்துவிடு என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, அப்படியாவது சூடு இறங்குகிறதா பார்ப்போம் என்று உள்ளுக்குள் இருந்த ரேடியேட்டர்காரன் காத்திருந்தான். கட்டிய காலோடு ஓட்டி வந்தாள். இறங்கவில்லை. அப்போதும், இங்கே வந்து நிற்கும்போதும், கட்டு தளர்ந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தேனே, அதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை அணைக்க மாட்டேன் என்றாள். கோபம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது, எஞ்சினில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் இந்த எரிச்சல் அடங்கும் போல. முள் ஏறும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, நிஜம்தான், ஆனால் அதன் ஓரத்திலேயே ஒரு நிம்மதி வந்து ஒதுங்கி நிற்கிறது. வெட்கமில்லாத நிம்மதி. வண்டி ஏறாவிட்டால் அவள் கீழேயே இருப்பாள், ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், மழை பெய்தால் எந்த வளைவில் நிற்கிறாளோ, டவர் இல்லாத இடத்தில் நிற்கிறாளோ என்று நான் பட்டறையில் ஈயத்தைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முள் ஏறுவதை நானா ஏற்றுகிறேன், இல்லையே. மூன்று கூலர் கட்டியவன் நான். தூக்கத்தில்கூடக் குழாய் வளைத்தவன் நான். அப்படியிருந்தும் இந்த நினைப்பு வந்தால் யாரைத் திட்டுவது. தீவனக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மக்காச்சோளப் பொடியை நுண்ணோக்கியில் பார்க்கிற சாந்தாமணியை நினைத்துப் பார்க்கிறேன். முகம் வரவில்லை. நாற்காலி வருகிறது, வெள்ளைக் கோட்டு வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. பானெட்டின் ஓரமாக எட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முகத்தைப் பார்க்கிறேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறாள், நான் பார்க்கிற அதே மீட்டரை, நானே துளை போட்டுப் பொருத்திய மீட்டரை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் சத்தம் என் காதுக்குள் ஆணி அடிக்கிறது. அணைக்கமாட்டாளாம். பிடிவாதம். அவள் வீட்டில் எல்லோருக்குமே இந்தப் பிடிவாதம்.

கை சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருக்க முடியாத கை எதையாவது பிடுங்கும், என் கை எப்போதும் அளவுக் குச்சியைப் பிடுங்கும். கியர்பாக்ஸ் எண்ணெய்க் குச்சியைப் பிடித்து இழுத்தேன், துணியால் துடைத்தேன், மறுபடி விட்டேன், எடுத்தேன். காய்ந்திருக்கிறது. துடைத்தது துடைத்தபடி இருக்கிறது. நுனியில்கூட ஈரம் இல்லை. காலையில்தானே பார்த்தேன், பட்டறை வாசலில், மேல் கோடு வரைக்கும் சிவப்பாக நின்றதே. மலையில் ஏறுவதற்கு முன் டீக்கடையில் நிறுத்தியும் பார்த்தேனே, நின்றதே. ஒழுகிவிட்டதா. தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தேன், வேட்டியெல்லாம் மண், ஒரு சொட்டு இல்லை. குழாய் மூட்டுகளைத் தடவினேன், விரல் சுட்டது, ஈரம் இல்லை. கூலரில் இல்லை, கடைந்த தட்டின் ஓரத்தில் இல்லை. அப்படியென்றால் இத்தனை எண்ணெயும் எங்கே போயிற்று, ஆவியாகவா போயிற்று. மறுபடி குச்சியை விட்டு எடுத்தேன். காய்ந்துதான் இருக்கிறது. போன வாரம் இதே மாதிரி ஒரு வளைவில் நிறுத்தியபோதும் பார்த்தேனே, அன்றைக்கு நிறைய இருந்ததே, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம். அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு பீடி பிடிக்கிற நேரம் விட்டு, எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று விட்டு, பார்த்தேன். எப்போதுமே அப்படித்தான் பார்ப்பேன். லாரியில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். எஞ்சினை அணை, எண்ணெய் இறங்கட்டும், குச்சியைப் போடு. எங்கள் ஊரில் இதைத் தெரியாதவனை வண்டிக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள்.

எண்ணெய் இறங்கட்டும். எங்கிருந்து இறங்குகிறது? நான் அங்கேயே நின்றுவிட்டேன், குச்சி கையில். ஓடும்போது எண்ணெய் எங்கே இருக்கும், பம்பு உறிஞ்சி மேலே அனுப்பியிருக்கும், முன்னால் உருண்டையாக, எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்துகிறதே கன்வெர்ட்டர், அதற்குள் இருக்கும், குழாயில் இருக்கும், என் கூலரில் இருக்கும். அணைத்தால் அதெல்லாம் வழிந்து பெட்டியின் அடித்தொட்டிக்கு வந்துசேரும், குச்சி முழுசாக நனையும், நானும் சம்சுதீனும் போதும் போதும் என்று டின்னை மூடி வைப்போம். ஓட ஆரம்பித்ததும் அத்தனையும் மேலே போய்விடும், தொட்டியில் பம்பு உறிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது, சரிவில் அந்தக் கொஞ்சமும் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், பம்பு காற்றைக் குடிக்கும், நுரை தள்ளும், உள்ளே தட்டுகள் வழுக்கும், தீயும். கூலரின் ஒரு பக்கம் கொதிப்பதும் இன்னொரு பக்கம் சில்லென்று கிடப்பதும் அதனால்தான். நான் கூலரைப் பெரிதாக்கினேன். பெரிய கூலர் இன்னும் அதிக எண்ணெயைக் குடித்தது. அதனால்தான் இரண்டாவதில் முன்பைவிடச் சீக்கிரம் ஏறியது, பைத்தியக்காரா, பைத்தியக்காரா, ஒவ்வொரு கூலரும் அவள் எண்ணெயைக் குடித்தது. இந்தப் பெட்டியை ஓடும்போது அளக்கவேண்டும். இன்றைக்கு அவள் பிடிவாதமாக அணைக்காமல் உட்கார்ந்திருக்காவிட்டால் நான் சாகும்வரை அணைத்துவிட்டே அளந்திருப்பேன். அணைக்காதே, அணைத்துவிடாதே என்று கத்தினேன். அவள் ஜன்னல் வழியாக எட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இவ்வளவு நேரம் அணை அணை என்று கத்தியவன்தானே.

பின்னாலிருந்து எண்ணெய் டின்னை எடுத்துவந்து, புனலைக் குச்சிக் குழாயில் சொருகி, ஊற்றினேன். ஊற்றினேன், பார்த்தேன், காய்ந்தது. ஊற்றினேன். "லிவரை எல்லாக் கியர்லயும் ஒரு தடவ போட்டுட்டு வா, பிரேக்க நல்லா மிதிச்சுக்கோ" என்றேன். போட்டாள். மறுபடி பார்த்தேன், நுனியில் ஒரு சிவப்பு. இன்னும் ஊற்றினேன், பாதி டின்னுக்கு மேல் காலி, கோட்டைத் தொட்டது. கூலரைத் தடவினேன், இந்தப் பக்கமும் சூடு, அந்தப் பக்கமும் சூடு, என் வாழ்க்கையில் ஒரு சூட்டைக் கண்டு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்திருந்தேன். சூடு மெல்லத் தணிந்தது. பானெட்டை மூடி, மீதி டின்னைப் பின்னால் வைத்துவிட்டு அவள் பக்கத்துக் கதவண்டை போனேன். மீட்டரின் முள் சிவப்பை விட்டு வெளியே வந்து, பச்சையின் நடுவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகல் என்று சொல்லிவிடலாம், மூட்டு லூசாக இருந்தது முறுக்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எண்ணெய் பத்தல சாந்தா" என்றேன். "எப்பவுமே பத்தல. ஓட விட்டுப் பாக்கணும் இத. நான் லாரி மாதிரி ஆஃப் பண்ணிட்டுப் பாத்துட்டு இருந்துட்டேன்." அவள் மெதுவாக, "அப்ப என் காலு?" என்றாள். "உன் காலு ஒண்ணும் பண்ணல." "மொதல்ல இருந்தே?" "மொதல்ல இருந்தே."

குனிந்து கட்டை அவிழ்த்தாள். அவசரப்படவில்லை, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, அந்தக் கோபத்திலும் தொழில் பழக்கத்தில் பேண்டேஜைச் சுருட்டிப் பையில் போட்டாள். கணுக்காலில் நெசவு பதிந்து கிடந்தது, அவளுக்கு வலித்திருக்காது, எனக்கு வலித்தது. "கோவமா?" என்றேன். மடத்தனமான கேள்வி. "ராத்திரி எத்தன நாளு இந்தக் கால எடுத்து மடியில வெச்சுத் திட்டியிருக்கேன் தெரியுங்களா? நீயாடி, நீதானாடின்னு." இந்தப் பக்கமாகச் சுற்றிவந்து என் சீட்டின் கதவைத் திறந்தேன். "ஏறாதீங்க" என்றாள். "என்னது?" "நான் மட்டும் போறேன். நீங்க பஸ்ஸுல வாங்க." "வழியில நின்னுட்டா?" "நின்னா ஓட விட்டுக் குச்சியப் போட்டுப் பாக்கறேன். எண்ணெ பின்னாடிதான இருக்குது?" "சாந்தா, சொன்னாக் கேளு, மொத தடவ…" "நீங்க பக்கத்துல உக்காந்தா மீட்டரையே பாத்துட்டு வருவீங்க. நீங்க பாக்கறத நான் பாப்பேன். எனக்கு ரோடு பாக்கணுமுங்க." கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். கைபிரேக் இறங்கியது, லிவர் இறங்கியது, வண்டி என்னைத் தாண்டி, குரங்குகளைத் தாண்டி, வளைவில் திரும்பிப் போய்விட்டது.

போய்விட்டாளே. நடு ரோட்டில் வேட்டியெல்லாம் மண்ணோடு, கையில் எண்ணெய்த் துணியோடு என்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டாளே. இத்தனை மாதம் இதற்காகவே பாடுபட்டவன் நான், அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தவன் நான், கடைசியில் எனக்குப் பஸ். ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடே காது மேலே போய்விட்டது. மலையில் ஒரு வசதி, மேலே போகிற வண்டி தலைக்கு மேலேயே போகும், முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு ஹாரன் கேட்டது. எஞ்சின் இரைச்சல் கொஞ்சம் உயர்ந்து, தணிந்து, உயர்ந்தது. வழுக்குகிறதா? இல்லை, கியர் மாறுகிறது. இப்போது வழுக்குகிறதா? இல்லை. மரத்தில் காற்று வந்து சத்தத்தைத் தின்றுவிட்டது, மறுபடி கேட்டது, இன்னும் மேலே, இன்னும் மெலிதாக. நின்றுவிட்டதா? நின்றுவிட்டது போலத்தான் இருக்கிறது. ஹாரன் இல்லை, எஞ்சின் இல்லை, பூச்சிகள் மட்டும்தான். போனை எடுத்தேன், டவர் இல்லை. நாலு அடி மேலே நடந்தேன், நாலு அடி கீழே வந்தேன். எந்த வளைவில் நிற்கிறாளோ. பானெட்டின் கம்பி லூசு என்று சொல்லவில்லையே, அவள் தலைமேல் விழுந்துவிட்டால். துணியோடு புனலும் என் கையிலேயே இருக்கிறது, புனல் இல்லாமல் எப்படி ஊற்றுவாள், புனலைக் கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேனே, முட்டாள். நடந்தே போய்விடலாம் என்று குறுக்குச் சரிவைப் பார்த்தேன், என் தலை சுற்றலுக்கு அது ஆகாது. சாந்தா என்று கூப்பிட்டேன், யாருக்குக் கேட்கும்.

பலாப்பழம் ஏற்றிய வேன் ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. நடுவில் போய்க் கையை நீட்டி நிறுத்தினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னங்ணா, வண்டி ரிப்பேருங்களா?" என்றார். "மேல ஒரு ஜீப்பு, பச்சத் தார்ப்பாய் போட்டது, மாட்டு டாக்டரம்மா வண்டி. எங்கியாவது நின்னுட்டு இருந்துச்சுங்களா?" மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன். அவர் முகம் சுளித்தார். "நிக்கறதா? நீங்க வேற. நாப்பத்தி ஒம்பதாவது வளைவுல லோடு வண்டி வருது, கொஞ்சம் ஒதுங்கும்மான்னு லைட்டப் போட்டேன். ஏறுற வண்டிக்குத்தான் வழின்னு கைய ஆட்டிட்டு நேரா வந்துருச்சுங் அந்தம்மா. நாந்தான் ரிவர்ஸ் எடுத்தேன், பலாப்பழத்தோட." "நெஜமாவா?" "நெஜமாத்தானுங். சிரிச்சுட்டே வேற போகுது." அவருக்கு ஏன் என் கண் கலங்கியது என்று புரிந்திருக்காது. அவர் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் இன்னும் ரோட்டுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓரமாகத் தள்ளி நின்று, வேனுக்கு வழி விட்டேன்.